உருளைக்கிழங்குத் தலையில் தொடங்கிய தொழில்

தொழில் நடத்திய பெண்மணி ஒருவர் நிறைவயதில் மறைந்தால், பத்திரிகைகளில் வரும் அஞ்சலிக் குறிப்புக்கு ஒரு வாய்பாடு உண்டு. எங்கே பிறந்தார், எத்தனை பேருக்கு வேலை கொடுத்தார், யார் கையால் விருது வாங்கினார் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசிப் பத்தியில் ‘சிறந்த தாயாகவும் விளங்கினார்’ என்று முடிப்பார்கள். அந்தத் ‘தாயாகவும்’ என்பதில் தொங்கும் உம்மையைக் கண்டாலே எனக்கு எரிச்சல். தொழில் ஒரு தட்டு, பிள்ளைகள் மறு தட்டு, இரண்டையும் எப்படியோ சரிக்கட்டிவிட்டார் என்கிற தொனி அதில் இருக்கிறது. ஜெர்மனியின் பொம்மைத் தயாரிப்பாளர் கேத்தே குரூஸேயைப் பற்றி எழுதும்போது அந்த உம்மை செல்லாது. ஏழு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர், 84 வயது வரை வாழ்ந்தவர். பிள்ளையைத் தூக்கிய கைக்கு என்ன தெரியுமோ அதைத்தான் அவர் பொம்மையாக்கி விற்றார்.

1883 செப்டம்பர் 17 அன்று பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். அன்று அது ஜெர்மன் நகரம். இன்று போலந்தில் வேறு பெயரோடு இருக்கிறது. அம்மா கிறிஸ்தியானே சிமோன் தையல் வேலை செய்து பிழைத்தவர். அப்பா நகராட்சியில் கணக்கர், ஏற்கெனவே வேறு குடும்பம் உள்ளவர். ஆகவே பிள்ளைக்கு அம்மாவின் குடும்பப் பெயர்தான் கிடைத்தது. அந்தக் காலத்து ஜெர்மன் நகரத்தில் இது எவ்வளவு பெரிய குறை என்பதை நம் ஊர் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரவு பகலாக ஊசி பிடித்த ஒரு பெண்ணின் பக்கத்தில் வளர்ந்த சிறுமி என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கதைக்கு இது தேவைப்படும்.

அந்தச் சிறுமி தையல் பக்கம் போகவில்லை, நாடகத்துக்குப் போனார். 17 வயதில் பெர்லினின் லெஸ்ஸிங் நாடக அரங்கில் வேலை கிடைத்தது. மேடைக்கு ஹெட்டா சோமின் என்று பெயர் வைத்துக்கொண்டார். சிமோன் என்பதன் உயிரெழுத்துகளை இடம் மாற்றினால் சோமின்! பெர்லினில்தான் சிற்பி மாக்ஸ் குரூஸேயைச் சந்தித்தார். மாரத்தான் போரின் வெற்றிச் செய்தியைச் சுமந்து ஓடிவந்த வீரனின் சிலையால் பெயர் பெற்றிருந்த மாக்ஸ் 1854இல் பிறந்தவர். கேத்தேயைவிடக் கிட்டத்தட்ட 30 வயது மூத்தவர். 1902இல் முதல் மகள் மரியா பிறந்தாள்; வீட்டில் அவளுக்குப் பெயர் மிமெர்லே. 1904இல் சோஃபி. நாடகம் நின்றுபோனது. திருமணமோ இன்னும் நடக்கவில்லை. மாக்ஸுக்கு அந்தச் சடங்கில் நம்பிக்கை இல்லை. அது நடக்க 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நடுவில் சில ஆண்டுகள் கேத்தே தன் அம்மாவையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்தின் தென்கோடியில் உள்ள அஸ்கோனாவில் போய் இருந்தார். அங்கே மோன்டே வெரிட்டா என்ற குன்றின்மேல், நகர வாழ்க்கையை வெறுத்தவர்கள் கூடி மரக்கறி உண்டு, வெயிலில் காய்ந்து, எளிய வாழ்க்கை வாழ்ந்துபார்த்துக்கொண்டிருந்தார்கள். மாக்ஸ் பெர்லினில் சிலை செதுக்கிக்கொண்டிருந்தார். குடும்பம் கடிதத்தில் நடந்தது. கலைஞனின் சுதந்திரம் என்று இதற்குப் பெயர் சொல்லலாம். இரண்டு கைக்குழந்தைகளோடு இருந்தவர் வேறு பெயர் வைத்திருந்தாலும் குற்றமில்லை.

1905 கிறிஸ்துமஸுக்கு மிமெர்லே ஒரு பொம்மை கேட்டாள். அம்மா குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுபோல் தானும் ஒன்றைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் ஆசை. மடியில் தங்கச்சிப் பாப்பா இருந்த வீடு அல்லவா. பெர்லினில் நல்ல பொம்மையாக ஒன்று பார்த்து வாங்கி அனுப்பும்படி கேத்தே மாக்ஸுக்கு எழுதினார். வாங்க மாட்டேன், கடைப் பொம்மைகளைப் பார்க்கவே சகிக்கவில்லை, நீயே செய்துகொள் என்று பதில் வந்தது. மகளின் கிறிஸ்துமஸ் பொம்மைக்கு இப்படி ஒரு பதில் எழுதிய தகப்பனை நான் மெச்ச மாட்டேன். ஆனால் பிற்பாடு நடந்தவற்றுக்கெல்லாம் அந்த மறுப்புதான் விதை.

கேத்தே ஒரு துண்டை எடுத்தார். நடுவில் மணலை வைத்து, நான்கு மூலைகளையும் முடிச்சுப்போட்டார். கை இரண்டு, கால் இரண்டு ஆயின. தலைக்கு ஓர் உருளைக்கிழங்கு. எரிந்த தீக்குச்சியின் கரியால் கண், மூக்கு, வாய். அவ்வளவுதான். மிமெர்லே அதை எடுத்தபோது அது அவள் கையில் தொய்ந்தது, கனத்தது, மடியில் படிந்து உட்கார்ந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது. மணல் கசியும், கிழங்கு சுருங்கும் என்பதெல்லாம் பெரியவர்களின் கவலை.

அந்தக் காலத்துக் கடைப் பொம்மை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் மாக்ஸின் வெறுப்பில் இருந்த நியாயமும் கேத்தேயின் கிழங்குத் தலையில் இருந்த புதுமையும் புரியும். உலகத்தின் பொம்மைச் சந்தையை அன்று ஆண்டது ஜெர்மனியின் துரிங்கியா பகுதி. ஸோன்னெபெர்க் சுற்றுவட்டாரத்தில் பீங்கான் தலைகள் சூளை சூளையாக வெந்து வெளிவந்தன. கண்ணாடிக் கண்கள், சுருட்டி ஒட்டிய முடி, பட்டுச் சட்டை, தொப்பி. உடம்பைச் சேர்க்கும் வேலையை ஏழைக் குடும்பங்கள் வீட்டிலிருந்தபடி, பிள்ளைகளையும் உட்காரவைத்துக்கொண்டு, கூலிக்குச் செய்தன. உருவான பொம்மையோ சீமாட்டி போல விறைத்து நிற்கும். கீழே விழுந்தால் முகம் சில்லுச்சில்லாகும். ஆகவே குழந்தையின் கையில் அது அதிக நேரம் இருக்காது, அலமாரிக்குப் போய்விடும். இந்தப் போக்கை எதிர்த்து, 1908இல் மியூனிக் நகரில் மரியோன் கௌலிட்ஸ் என்ற பெண்ணும் அவருடைய கலைஞர் நண்பர்களும் உண்மைக் குழந்தையின் முகம் கொண்ட பொம்மைகளைக் காட்சிக்கு வைத்தார்கள். முகம் மாறியது நல்லதுதான். ஆனால் அந்த மாற்றம் பெரும்பாலும் கண்ணோடு நின்றது.

கேத்தே தொடங்கியது கண்ணிலிருந்து அல்ல, கையிலிருந்து. பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது என்பதைவிட, தூக்கினால் எப்படி இருக்கிறது என்று கேட்டவர் அவர். அடுத்த சில ஆண்டுகள் வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துபார்த்தார். கிழங்குக்குப் பதில் துணித் தலை வந்தது. முக அமைப்புக்கு 17ஆம் நூற்றாண்டுச் சிற்பி பிரான்சுவா துகெனுவா செதுக்கிய ஒரு குழந்தைத் தலையை மாதிரியாக எடுத்துக்கொண்டார். துணியைக் கெட்டிப்படுத்தி, அதன்மேல் எண்ணெய் வண்ணத்தால் கையாலேயே முகம் வரைந்தார். சிரிப்பு இல்லை, அழுகையும் இல்லை. இதை அறியாமல் செய்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். சிரித்த முகத்தோடு ஒரு பொம்மை இருந்தால், குழந்தை அழும்போதும் அது சிரித்துக்கொண்டே இருக்கும். கேத்தேயின் பொம்மையின் முகத்தில் அந்த நேரத்துக்கு வேண்டியதைக் குழந்தையே எழுதிக்கொள்ளலாம்.

1910இல் பெர்லினின் டீட்ஸ் பேரங்காடி, கைவினை விளையாட்டுப் பொருள்களுக்கென்று ஒரு கண்காட்சி வைத்தது. கேத்தேயிடமும் பொம்மை கேட்டார்கள். வீட்டில் இருந்ததைக் கொண்டுபோய் வைத்தார். ஓரிரு நாளில் ஊர் முழுக்க அதே பேச்சு, பத்திரிகைகள் கொண்டாடின. கையோடு, துரிங்கியாவின் பெரிய பொம்மை நிறுவனம் ஒன்று தயாரிப்பு உரிமையை வாங்கிக்கொண்டது. ஆலையிலிருந்து வந்த பொம்மைகளைப் பார்த்த கேத்தேக்குப் பிடிக்கவில்லை. அளவு சரி, அச்சு சரி, கையில் எடுத்தால் உயிர் இல்லை. உரிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பணம் வரும் வழியை மூடிவிட்டு, சொந்தமாகச் செய்யலாம் என்று முடிவெடுத்தபோது அவரிடம் பட்டறை இல்லை, ஆள் இல்லை, வியாபாரப் பழக்கமும் இல்லை.

அந்த நேரத்தில்தான் அமெரிக்காவிலிருந்து 150 பொம்மைகளுக்கு ஆர்டர் வந்தது, 1911இல். பெர்லின் வீடே பட்டறையானது. அந்த ஆர்டரை முடித்துக் கொடுத்ததும் அடுத்து 500 கேட்டார்கள். 1912இல் ஸாலே ஆற்றங்கரையில் உள்ள பாட் கோஸன் என்ற சிற்றூருக்குக் குடும்பமும் தொழிலும் சேர்ந்தே குடிபெயர்ந்தன.

இங்கே கொஞ்சம் நின்று இரண்டு வரிசை ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 1909: திருமணம், மகள் ஹன்னே பிறப்பு. 1910: டீட்ஸ் கண்காட்சி. 1911: அமெரிக்க ஆர்டர், மகன் மிஷாயேல் பிறப்பு. 1912: பாட் கோஸன் பட்டறை, மகன் யோஹன் பிறப்பு. நான்கு ஆண்டுகளில் மூன்று பிரசவங்கள், ஒரு தொழிற்சாலை. இதைப் படித்ததும் ‘எப்படித்தான் சமாளித்தாரோ’ என்று வாயைப் பிளப்பது வழக்கம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அந்த வீட்டில் பொம்மையின் அளவை ஒத்துப்பார்க்க எப்போதும் ஒரு கைக்குழந்தை இருந்தது. தொடை எவ்வளவு தடிமன், வயிறு எப்படித் தள்ளும், உட்காரவைத்தால் முதுகு எங்கே வளையும் என்பதற்கெல்லாம் எந்தக் கலைக்கல்லூரிக்கும் போக வேண்டியதில்லை. தொட்டிலைப் பார்த்தால் போதும். 1918இல் ஃபிரீடெபால்டும் 1921இல் கடைக்குட்டி மாக்ஸும் பிறந்தபோது பட்டறை வேரூன்றிவிட்டிருந்தது.

பட்டறை வேலையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். உடம்புக்கு அழுத்தமான பருத்தித் துணி. கால் ஒன்றுக்கே பல துண்டுகளை வெட்டிச் சேர்த்துத் தைத்தார்கள். அப்போதுதான் முழங்காலும் கெண்டைச் சதையும் குழந்தைக்குரிய வளைவோடு வரும். கட்டைவிரலைத் தனியே தைத்துக் கையோடு சேர்த்தார்கள். தலையின் பின்புறம் மூன்று தையல் கோடுகள் ஓடும். உள்ளே திணிப்பதற்குத் துருவப் பகுதி மானின் முடி. அந்த முடி உள்ளே குழலாக இருப்பதால் கனம் குறைவு. அமுக்கினால் திரும்ப எழும். துணி, தையல், திணிப்பு, வண்ணம் என்று ஒவ்வொன்றும் ஊர்ப் பெண்களின் கைவேலை. எல்லாம் முடிந்து இடது உள்ளங்காலில் கேத்தே குரூஸே என்ற கையெழுத்தும் ஓர் எண்ணும் ஏறும். உடையாது, அழுக்கானால் துடைக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள்.

தையல்காரியின் மகள், தையல் பெண்களுக்கு முதலாளியான கதை இது. இதில் ஒரு முள்ளும் உண்டு. இவ்வளவு கை பட்ட பொருள் மலிவாக இருக்க முடியாது. சாமானிய வீட்டுக்கு எட்டாத விலையில்தான் அது விற்றது. மோன்டே வெரிட்டாவின் எளிமையில் பிறந்த கிழங்குப் பொம்மையின் பேத்தி, வசதியான வீட்டுப் பிள்ளைகளின் அறையில் போய் உட்கார்ந்தாள். கேத்தே இதற்காக ஆலை உற்பத்திக்கு இறங்கிவரவில்லை. கையால் செய்ததுதான் கைக்கு எட்டும் என்பது அவர் கட்சி. கலைஞராக அவர் செய்தது சரி. விலைச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கடை வாசலிலிருந்து திரும்பிய தாய்மாருக்கு அது என்ன ஆறுதல் என்று எனக்குத் தெரியவில்லை.

வியாபாரத்தில் அவர் அப்பாவியும் அல்ல. பிங் என்ற பெரிய நிறுவனம் அவருடைய பொம்மையைப் பார்த்து அச்சு அசலாக இறக்கியபோது நீதிமன்றத்துக்குப் போனார், 1925இல் வென்றார். பொம்மை வெறும் கடைச் சரக்கு அல்ல, ஓவியம் சிற்பம் போல அதற்கும் ஆக்கியவரின் உரிமை உண்டு என்பதை ஜெர்மன் நீதிமன்றத்தில் நிலைநாட்டிய வழக்கு அது. பின்னால் 1930களில் கடைகளின் காட்சி சன்னலில் நிறுத்தும் ஆளுயரக் குழந்தை உருவங்களையும் செய்து விற்றார். சுற்றி ஏனைய தொழில்கள் தள்ளாடிய காலத்தில் அந்த வருமானம் கைகொடுத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அதே 1925இல் வந்த இன்னொரு பொம்மை. ‘டிராய்மெர்ஷென்’ என்று பெயர். கனாக் காணும் குட்டி என்று சொல்லிக்கொள்ளலாம். கண் மூடித் தூங்கும் பச்சைக் குழந்தை. பிறந்த குழந்தையின் அளவு, அதே கனம். உள்ளே மணல் வைத்து ஏறக்குறைய இரண்டரைக் கிலோவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். தலையைத் தாங்காமல் தூக்கினால் அது பின்னால் சாயும். தூக்குபவரின் மற்றொரு கை தானாகப் பிடரிக்குக் கீழே போய்விடும். குழந்தை வளர்ப்பு வகுப்புகளில் இளம் பெண்களுக்குப் பழக்கிக் கொடுக்க இந்தப் பொம்மையைப் பயன்படுத்தினார்கள். பாருங்கள், இருபது ஆண்டு கழித்து அந்த மணல் திரும்பி வந்திருக்கிறது.

இதைப் படித்தபோது எங்கள் வீட்டுத் தொட்டிலிடும் சடங்கு ஞாபகம் வந்தது. குழந்தையைப் போடுவதற்கு முன் அம்மிக் குழவியைக் கழுவி, துணி சுற்றி, மை வைத்துத் தொட்டிலில் கிடத்தி ஆட்டுவார்கள். தமிழில் குழவி என்றால் கல்லும் அதுதான், பச்சைக் குழந்தையும் அதுதான். கனத்தில்தான் குழந்தைத்தனம் இருக்கிறது என்பது எங்கள் பாட்டிமாருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. அவர்கள் யாரும் காப்புரிமை வழக்குப் போடவில்லை.

1929இல் வந்த எட்டாம் எண் பொம்மைக்கு ‘ஜெர்மன் குழந்தை’ என்று பெயரிட்டார்கள். 52 சென்டிமீட்டர் உயரம். வரைந்த முடிக்குப் பதிலாக உண்மையான முடி. நிற்கும், உடை மாற்றலாம், மெலிந்த சிறுவனாகவோ சிறுமியாகவோ ஆக்கலாம். நான்கே ஆண்டில் அந்த நாட்டில் ஆட்சிக்கு வந்தவர்கள் ‘ஜெர்மன் குழந்தை’ என்ற சொல்லை என்ன செய்தார்கள் என்பதை அறிந்த நமக்கு, இன்று அந்தப் பெயர் நெருடுகிறது. ஆனால் அந்தத் தலைக்கு மாதிரியாக இருந்தவன் கொள்கை எதையும் சுமந்தவன் அல்ல. கேத்தேயின் மகன் ஃபிரீடெபால்ட். சிற்பி ஒருவர் அவன் சிறுவனாக இருந்தபோது வடித்த தலையிலிருந்து அச்சு எடுத்திருந்தார்கள்.

இரண்டாம் உலகப்போர் அந்த வீட்டை ஏறக்குறைய காலி செய்துவிட்டது. 1942இல் கணவர் மாக்ஸ் இறந்தார். போர் முடிவதற்குள் யோஹன் இல்லை. ஃபிரீடெபால்டும் இல்லை. போர் முடிந்தபோது பாட் கோஸன் சோவியத் பகுதிக்குள் சிக்கியது. மகன்கள் மிஷாயேலும் மாக்ஸும் மேற்கே போய், பாட் பிர்மோன்டிலும் பவேரியாவின் டோனவ்வோர்த்திலும் புதிதாகப் பட்டறை போட்டார்கள். கேத்தே பழைய பட்டறையைக் காப்பாற்றப் பார்த்தார். அறுபது வயதைத் தாண்டியவர், முடியவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேற்கே வந்து சேர்ந்தார். 1950களின் தொடக்கத்தில் பாட் கோஸன் பட்டறை அரசுடைமை ஆனது. பிற்காலத்தில் அங்கே துணிப் பொம்மைகளுக்குப் பதில் கரடியும் நரியும் முள்ளம்பன்றியுமாக ரோமத் துணி விலங்குகள் செய்யத் தொடங்கினார்கள். இன்றும் அந்த ஊர் அதற்குப் பெயர் பெற்றது.

பிள்ளைகளில் தொழிலைக் கடைசியில் தாங்கியவள் ஹன்னே. 1950களின் பிற்பகுதியில் அவளும் கணவரும் பொறுப்பேற்று, சின்னப் பிள்ளைகளின் கைக்கு அடங்கும் சிறிய பொம்மைகளைப் புதிதாக வடிவமைத்தார்கள். கடைக்குட்டி மாக்ஸ் பொம்மைத் தொழிலை விட்டுவிட்டு எழுத்தாளரானார். பனிப்பாறைக்குள்ளிருந்து வந்த உர்மெல் என்ற குட்டி விலங்கின் கதை அவர் எழுதியதுதான். அவுக்ஸ்புர்க் நகரின் புகழ்பெற்ற நூல்பொம்மைக் குழு அதைத் தொலைக்காட்சிக்கு நடித்துக்கொடுத்தது. ஆக, தப்பிப் போன மகனும் கடைசியில் பொம்மைகளிடம்தான் போய்ச் சேர்ந்தார்.

1956இல் மேற்கு ஜெர்மன் அரசு கேத்தேக்குத் தகுதிச் சிலுவை விருது அளித்தது. 1968 ஜூலை 19 அன்று பவேரியாவின் முர்னாவ் என்ற ஏரிக்கரை ஊரில் இறந்தார். டோனவ்வோர்த்தில் பழைய மடாலயம் ஒன்றில் இன்று அவர் பெயரில் பொம்மை அருங்காட்சியகம் இருக்கிறது.

எட்டாம் எண் பொம்மையின் உற்பத்தி போருக்குப் பிறகும் நிற்கவில்லை. துணி கிடைக்காத அந்த வறட்சியிலும், புதிய ஊரில், புதிய பெண்கள் உட்கார்ந்து அதற்கு முகம் வரைந்தார்கள். மேசை மேல் வண்ணம் காய்வதற்காக வரிசையாக வைத்திருந்த தலைகள் எல்லாவற்றிலும் அந்தப் பையனின் நெற்றி, அந்தப் பையனின் வாய். கேத்தே அந்த மாதிரியை நிறுத்தச் சொல்லவில்லை.